அடுப்பு வாயை அளந்துவிட்டு விறகு கீறுங்கள்

விறகு கீற எந்தக் கோடாலி நல்லது என்று கேட்பவர்கள், முதலில் ஒரு டேப்பை எடுத்துத் தங்கள் அடுப்பு வாயை அளந்துவிட வேண்டும். எங்கள் அடுப்பு வாயின் அகலம் 5 இஞ்சு, உயரம் 4 இஞ்சு. அதற்குள் ஒரே நேரத்தில் மூன்று துண்டு போக வேண்டும், அந்த மூன்றுக்கும் நடுவே காற்றும் போக வேண்டும் என்றால் ஒரு துண்டின் கனம் ஒன்றரை இஞ்சைத் தாண்டக் கூடாது. நீளம் ஒரு அடி, அதற்கு மேல் இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், வாயிலேயே எரிந்து புகையை வீட்டுக்குள் தள்ளும். இந்த இரண்டு அளவும் கையில் வந்த பிறகுதான் கோடாலியா, ஆப்பா, வெட்டுக்கத்தியா என்ற பேச்சு. பலர் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். நல்ல எடையுள்ள கோடாலி ஒன்றை வாங்கி, அது எப்படிப் பிளக்கிறதோ அந்தக் கனத்தில் விறகை அடுக்கி வைத்துவிட்டு, அடுப்பு சரியாக எரியவில்லை என்று அடுப்பைக் குறை சொல்கிறார்கள்.

நாங்கள் இருப்பது குமரி மாவட்டத்தில், அருமனைக்கு மேற்கே, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளறடைக்குப் போகும் வழியில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள் இவை. பேச்சு தமிழ், அரிசி சம்பா. புழுங்கல் சிவப்பரிசி வேக நேரம் எடுக்கும், மரச்சீனிக் கிழங்கு அவிக்க வேண்டும், மாலையில் குளிக்க வெந்நீர் போட வேண்டும், இதற்கெல்லாம் காஸ் கட்டுப்படியாகாது என்பதால் பின்பக்கச் சாய்ப்பில் விறகடுப்பு இன்னும் ஓடுகிறது. பழைய அடுப்பை இடித்துவிட்டுக் கட்டியது பரிஷத் அடுப்பு. 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் எண்பதுகளில் ஊர் ஊராகப் பரப்பிய அடுப்பு அது. முன்னால் ஒரு வாய், உள்ளே இரும்புக் கம்பித் தட்டு, இரண்டு பாத்திரத்துக்குக் குழி, பின்னால் புகைக்குழாய். எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டப் பழகிய கொத்தனார்கள் இந்தப் பக்கமும் வந்து கட்டிக் கொடுத்தார்கள். இந்த அடுப்பின் குணம் என்னவென்றால், மெல்லிய காய்ந்த விறகு கொடுத்தால் புகையே இல்லாமல் எரியும், தடித்த கட்டையைத் திணித்தால் பழைய மூன்று கல் அடுப்பைவிட மோசமாக இருக்கும்.

கனத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். 4 இஞ்சுக்கு 4 இஞ்சு சதுரமான ஒரு கட்டையின் சுற்றளவு 16 இஞ்சு. அதையே ஒரு இஞ்சுத் துண்டுகளாகக் கீறினால் 16 துண்டு, ஒவ்வொன்றுக்கும் சுற்றளவு 4 இஞ்சு, மொத்தம் 64. மரம் அதே மரம்தான், தீ பிடிக்கும் பரப்பு மட்டும் நாலு மடங்கு. விறகில் எரிவது பெரும்பாலும் மரத்திலிருந்து கிளம்பும் வாயு, அந்த வாயு காற்றோடு கலந்து சூடான இடத்தில் எரிந்தால் அது சுடர், எரியாமல் தப்பித்தால் அது புகை. பரப்பு கூடினால் சுடர் சீக்கிரம் எழும்பும், அடுப்பின் உள்பக்கம் சூடாகும், புகை எரிந்துபோகும். அதற்காகக் குச்சி குச்சியாகக் கீறி வைப்பதும் சரியில்லை. குபீரென்று எரிந்து தீர்ந்துவிடும், சமைப்பவர் அடுப்பை விட்டு நகர முடியாது. நாங்கள் இப்போது மூன்று கனத்தில் வைத்திருக்கிறோம்: பற்றவைக்க விரல் கனம், சோறு கொதி வரும் வரை ஒரு இஞ்சு, கொதி வந்த பிறகு தாக்குப்பிடிக்க ஒன்றரை இஞ்சு.

இனி மரம். எங்கள் பக்கத்தில் விறகு என்றால் ரப்பர்தான். நட்டு ஏழாவது வருடம் வாக்கில் பால் வெட்டத் தொடங்கி, 25 முதல் 30 வருடத்தில் பால் குறைந்ததும் மிச்சப் பாலையும் எடுக்கக் கடும்வெட்டு வெட்டி, அப்புறம் தோட்டத்தையே முறித்துவிட்டுப் புதுக் கன்று வைப்பார்கள். தடித்த அடிமரம் பிளைவுட்டுக்கும் பெட்டி அடிக்கவும் லாரி ஏறும், கிளையும் வளைவும் விறகுக்கு வரும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நின்ற நிலையிலேயே தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் ரப்பர்க் கட்டைதான், கீற ஆள்தான் இல்லை. அந்தச் சமயத்தில் கீறாமல் உருட்டிப் போட்ட கட்டைகளெல்லாம் என்ன ஆயின என்று பார்த்தவர்களுக்கு ரப்பரின் குணம் தெரியும். அந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய, அதனால் ஈரத்தோடு தொலியும் போகாமல் கிடந்தால் சில நாட்களிலேயே நீலம் பாய்ந்துவிடும், அது பூஞ்சை. பிறகு வண்டு துளைத்து, தட்டினால் மாவு கொட்டும். ரப்பர் கட்டையை வாங்கினால் உடனே கீற வேண்டும். மற்ற மரத்தைப் போலக் காயட்டும், பொறுமையாகக் கீறலாம் என்று வைத்தால் பாதி விறகு மாவாகப் போகும். இன்னொரு காரணமும் உண்டு. பச்சையாக இருக்கும்போது ரப்பர் வழிவிட்டுப் பிளக்கும், காய்ந்த பிறகு கோடாலியை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

முதல் வேலை நீளத்தைக் குறைப்பது. ஒரு அடி, ஒரு அடியாகத் துண்டு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் ஊரில் பழைய ஆட்கள் நாலடி நீளக் கட்டையைத் தரையில் கிடத்தி, இன்னொரு கட்டையின் மேல் தலையைத் தூக்கி வைத்து, பக்கவாட்டில் கோடாலி போட்டு நீளவாக்கில் வெடிப்பு உண்டாக்கிக்கொண்டே போவார்கள். அதற்குத் தனிக் கை வேண்டும், முதுகும் வேண்டும். மரம் பிளப்பதற்கு வேண்டிய பலம், எவ்வளவு பரப்பைப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நாலடிக் கட்டையில் ஒரே வீச்சில் நாலடிப் பரப்பைப் பிரிக்க வேண்டும், நடுவில் ஒரு கணு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒரு அடித் துண்டை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அடித்தால் ஒரே அடியில் கீழே வரைக்கும் போய்விடும், கணு இருக்கும் துண்டைத் தனியாக ஒதுக்கிவிடலாம். துண்டு போடுவதற்கு நான் செயின்சா வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டுவிடுகிறேன். ஒரு லோடு கட்டையை அவர் ஒரு காலையில் துண்டுபோட்டு முடித்துவிடுவார், அந்தக் கூலி கொடுக்கத் தகும். கொஞ்சம் கட்டைதான் என்றால் வில் ரம்பம் போதும், ஆனால் கட்டை ஆடாமல் பிடிக்க எக்ஸ் வடிவில் இரண்டு கால் அடித்த ஒரு தாங்கி வேண்டும்.

அப்புறம் கோடாலி. எங்கள் சந்தையில் கிடைக்கும் கோடாலி பெரும்பாலும் மரம் வெட்டும் கோடாலி. வாய் மெலிந்து, கன்னம் தட்டையாக இருக்கும், நாரைக் குறுக்கே அறுப்பதற்காக அடித்தது. அதை வைத்துக் கட்டையைக் கீறினால் ஆழமாக இறங்கும், பிரிக்காது, மாட்டிக்கொள்ளும். கீறுவதற்கு வேண்டியது கன்னம் புடைத்த கோடாலி. வாய் ஒரு இஞ்சு இறங்கியதும் அந்தப் புடைப்பு மரத்தை இரண்டு பக்கமும் தள்ள வேண்டும், வாய் முன்னால் போகாமலே வெடிப்பு முன்னால் ஓட வேண்டும். வாயைச் சவரக் கத்தி போலத் தீட்ட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 30, 35 பாகைக் கோணத்தில் அரம் போட்டு வைத்தால் போதும். எடை ஒன்றே முக்கால் கிலோவுக்கும் 2 கிலோவுக்கும் நடுவில் எனக்குச் சரியாக வருகிறது. மூன்று கிலோ கோடாலி ஒரு அடியில் பிளக்கும் என்பது உண்மைதான், ஆனால் அரை மணி நேரத்துக்குப் பிறகு குறி தப்ப ஆரம்பிக்கும், குறி தப்பும் கோடாலியை விட ஆபத்தான பொருள் வீட்டில் கிடையாது. வீச்சின் வேகம் இரட்டித்தால் அடியின் ஆற்றல் நாலு மடங்கு, எடை இரட்டித்தால் இரண்டு மடங்குதான், அதனால் வேகமாக வீச முடிகிற எடைதான் சரியான எடை.

என் கோடாலியைப் பட்டறையில் சொல்லிச் செய்தேன். காம்பு புளி. கொப்பு வெட்டும்போதே நார் நேராக ஓடுகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும், நார் குறுக்கே வெளியேறும் இடத்தில்தான் காம்பு ஒடியும். வெயில் காலத்தில் காம்பு சுருங்கித் தலை ஆடும். நிறையப் பேர் கோடாலியைத் தலையோடு வாளித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். அப்போதைக்கு இறுகும். ஊதிய நார் இரும்புக் கண்ணுக்குள் நசுங்கி, காய்ந்த பிறகு முன்னைவிடத் தளர்ந்துவிடும். அதற்குப் பதில் காம்பின் உச்சியில் ஒரு ஆப்பு இன்னும் ஒரு நூல் உள்ளே தட்டிவிடுவதுதான் வழி. தலை ஆடுகிற கோடாலியை ஒரு வீச்சுக்குக்கூட எடுக்காதீர்கள், அதைக் கெஞ்சியே சொல்கிறேன்.

கட்டையின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பலம் பாதி மிச்சம். துண்டுபோட்ட முகத்தைப் பாருங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து ஓரத்துக்கான சுருக்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அந்த இழுவிசையில் வருவதுதான் இந்த வெடிப்பு. மரமே எங்கே பிரியத் தயார் என்று காட்டிவிட்டது, அதன் மேல் கோடாலியைப் போட்டால் போதும். தடித்த கட்டையின் நடுவில் அடிக்கக் கூடாது, ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாக எடுத்துக்கொண்டு வர வேண்டும், கட்டை மெலிய மெலிய நடுப்பகுதி தானாக வழிக்கு வரும். கணு இருந்தால் அதைக் கீழ்ப்பக்கம் வரும்படி நிறுத்தி, வெடிப்பு நல்ல நாரில் தொடங்கும்படி அடிக்க வேண்டும். கவை இருக்கும் துண்டை நான் முயல்வதே இல்லை.

அடிக்கட்டையின் உயரம் முக்கியம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தால், குறி தப்பினாலும் கோடாலி கட்டையிலோ மண்ணிலோ விழும், காலுக்கு வராது. கட்டையின் மேல் பழைய பைக் டயர் ஒன்றை நாலு ஆணி அடித்துப் பொருத்தி, அதற்குள் துண்டுகளை நிறுத்தி அடிக்கிறேன். கீறியது சிதறாது, ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எடுத்து வைக்க வேண்டாம், சுற்றி வந்து அடித்துக்கொண்டே போகலாம். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் விறகு கீறும் வேலையில் முதுகு போவது வீச்சினால் இல்லை, குனிவதனால்.

தென்னந்தடியும் புளியும் வேறு கதை. தென்னையில் மற்ற மரத்தைப் போல ஆண்டு வளையமோ, நடுவிலிருந்து ஓடும் ரேகையோ கிடையாது. நார்க் கட்டுகள்தான், அதுவும் ஓரத்தில் இரும்பாகவும் உள்ளே பஞ்சாகவும். கோடாலி போட்டால் வாய் மழுங்கிவிடும். அதற்கு இரும்பு ஆப்பும் கூடம் என்கிற சம்மட்டியும்தான். ஓரத்துக் கடினமான பகுதியில் ஆப்பை வைத்துப் பலகை பலகையாக உரித்து எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியை உரக்குழிக்குப் போட்டுவிடலாம், அடுப்பில் அது புகைந்துகொண்டே இருக்கும். புளிக்கு நார் பின்னிப் பின்னி ஓடும், அதைக் கீறி விறகாக்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை, காம்புக்கும், கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலுக்கும் வைத்துக்கொள்ளலாம். பலாவும் அயனியும் பச்சையில் நன்றாகப் பிளக்கும். சேரு மரத்தைத் தொடக்கூடாது, பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். அரளிக் கொம்பு விறகோடு கலந்து வந்தால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், அது முழுக்க விஷம், சமையல் தீக்கு ஆகாது.

ஆப்பைப் பற்றி ஒன்று. அடி வாங்கி வாங்கி அதன் தலை குடை விரிந்து, ஓரம் மடிந்து தொங்கும். அந்த மடிப்புதான் தெறிக்கும், கண்ணுக்கு நேராக வரும். விரிய ஆரம்பித்ததுமே கிரைண்டரில் ஓரத்தைச் சரித்துவிட வேண்டும். கோடாலி மாட்டிக்கொண்டால் அதன் முதுகில் கூடத்தால் அடிப்பதும் கூடாது, கண் நெளிந்து காம்பு நிற்காமல் போகும். கோடாலியைக் கூடமாகவோ ஆப்பாகவோ நினைக்காமல் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தால் எல்லாம் நீண்ட நாள் வரும்.

இதுவரை சொன்னது பெரிய கட்டையை மூன்று இஞ்சு, நாலு இஞ்சுத் துண்டாக்குவது. உண்மையான சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. அந்த மூன்று இஞ்சுத் துண்டை ஒரு இஞ்சும் விரல் கனமுமாக யார் ஆக்குவது? பெரும்பாலான வீடுகளில் அதிகாலையில் அடுப்புப் பற்றவைக்கும் பெண்கள்தான். தரையில் உட்கார்ந்து, துண்டைக் காலின் பெருவிரலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வெட்டுக்கத்தியால் கொத்துகிறார்கள். இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் கொத்துவது இன்னொரு முறை. இரண்டிலும் கத்தி கையை நோக்கியோ காலை நோக்கியோதான் வருகிறது. வெட்டுக்கத்தியே வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், கத்தியின் வாயைத் துண்டின் தலையில் முதலில் ஊன்றி வைத்து, கத்தி முதுகில் ஒரு கட்டையால் தட்டுங்கள், கத்தியை ஓங்கவே வேண்டாம். இது ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாலே விரல் தப்பும்.

அம்மாவிடம் இதைக் காட்டியபோது, "ஒரு கையிலே கத்தி, ஒரு கையிலே கட்டை, அப்போ விறக யாரு பிடிக்கது மக்கா? எனக்கு உக்காந்துட்டே செய்யணும், ஓங்க ஆகாது" என்றார். நியாயமான கேள்வி. கத்தி அசையாமல் நிற்க வேண்டும், விறகுதான் கத்தியின் மேல் வந்து உட்கார வேண்டும். நியூசிலாந்தில் ஒரு பள்ளி மாணவி இதே யோசனையில் ஒரு கருவி செய்திருக்கிறார், இரும்பு வளையத்துக்குள் வாய் மேல் நோக்கி நிற்கும் கத்தி, அதன் மேல் விறகை நிறுத்திச் சுத்தியலால் தட்டினால் பிளக்கும். அது வார்ப்பு இரும்பில் வருகிறது. நான் ஆக்கர் கடையில் எடுத்த பழைய இரும்பில் செய்தேன், அதை விவரமாகவே எழுதுகிறேன், யாரும் செய்துகொள்ளலாம்.

கத்திக்கு எடுத்தது பழைய ஜீப் பட்டா, வண்டியின் அடியில் அதிர்வைத் தாங்கும் வில் தகடு. 8 மில்லிமீட்டர் கனம், 60 மில்லிமீட்டர் அகலம், 9 இஞ்சு நீளம். பட்டா இரும்பு நல்ல வில் இரும்பு, வாய் நிற்கும், ஆனால் சாதா இரும்பு போல நினைத்து வெல்டு வைத்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழை விரிசல் விழும், பிறகு ஒரு நாள் ஒடியும். காரணம் அதில் கரி அதிகம், வெல்டு வைத்த இடம் சடாரென்று ஆறினால் கடினமாகி விறைத்துவிடும். பட்டறை அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, சூடா இருக்கும்போது வெள்ளத்திலே மட்டும் முக்கிராதே, கண்ணாடி மாதிரி ஒடியும்." நாங்கள் செய்த முறை இது. பட்டாவில் ஒரு இடத்தை வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, உலையில் மெதுவாகச் சூடேற்றினோம். தேய்த்த இடம் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம் தட்டும். நீலம் என்றால் ஏறக்குறைய 300 டிகிரி. அந்தச் சூட்டிலேயே 7018 ராடு வைத்து வெல்டு. ராடு ஈரம் உறிஞ்சியிருக்கக் கூடாது, அதையும் உலைப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சிக்கொண்டோம். வெல்டு முடிந்ததும் அப்படியே ஒரு பழைய டின்னில் சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டோம். வேகமாக ஆறாமல் இருப்பதுதான் இதில் உயிர்நிலை.

பட்டா மட்டும் இருந்தால் போதாது, அதன் கனம் 8 மில்லிமீட்டர்தான், விறகுக்குள் இறங்குமே தவிர பிரிக்காது. கோடாலிக்குக் கன்னம் எப்படியோ அப்படி இதற்கும் கன்னம் வேண்டும். வாய் நுனியிலிருந்து ஒரு இஞ்சு கீழே இரண்டு பக்கமும் 16 மில்லிமீட்டர் சதுரக் கம்பியை, மேல் முனையைச் சரித்துத் தேய்த்து, ஒட்டி வெல்டு வைத்தோம். மொத்தம் 40 மில்லிமீட்டர் அகலம் ஆகிவிட்டது, ஒன்றரை இஞ்சுக்கு மேல். விறகு அந்த இடத்துக்கு இறங்கும்போது சத்தத்தோடு இரண்டாகிவிடும். இதை 4 இஞ்சு உயர இரும்புச் சேனல் (ப வடிவக் கம்பி) துண்டின் மேல் ஏற்றி, அடியில் 10 இஞ்சு சதுரத் தகடு. சேனல் வைத்தது, பிளந்த பாதிகள் கீழே விழ இடம் வேண்டும் என்பதற்காக. சுற்றிலும் 12 மில்லிமீட்டர் கம்பியில் நாலு தூண், மேலே 8 இஞ்சு அகல வளையம், வளையம் கத்தி வாய்க்கு 7 இஞ்சு மேலே. விறகு வளையத்தில் சாய்ந்து நிற்கும், கையால் பிடிக்க வேண்டியதில்லை. கத்தி நுனியைக் கை தொடும் வழியும் அதே வளையத்தால் அடைபட்டது. தகட்டைப் பலா அடிக்கட்டை ஒன்றில் நாலு பெரிய ஸ்குரூ போட்டு இறுக்கினோம். குரண்டியில் (மணையில்) உட்கார்ந்தால் அடிக்கும் உயரம் நெஞ்சுக்குக் கீழே வரும்படி அந்தக் கட்டையை அறுத்துக் குறைத்தேன்.

அடிக்க இரும்புச் சுத்தியல் வேண்டாம். விறகு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பிளந்துவிட்டால் சுத்தியல் நேராகக் கத்தி வாயில் விழும், இரண்டும் கடின இரும்பு, சில்லு தெறிக்கும். புளியங்கட்டையில் ஒன்றேகால் கிலோவுக்கு ஒரு கொட்டாப்புளி செதுக்கினேன், மரம் கத்தியில் பட்டாலும் மரத்துக்குத்தான் தழும்பு. அம்மா மூன்று இஞ்சுத் துண்டை வளையத்துக்குள் விட்டு முதலில் ஒரு லேசான தட்டு, துண்டு கத்தியைக் கவ்விக்கொண்டு தானாக நிற்கும், அப்புறம் நல்ல அடி ஒன்று. பிளந்த பாதியை எடுத்து மறுபடி வளையத்துக்குள். விரல் கனம் வரும்வரை கை கத்திப் பக்கம் போவதே இல்லை. அந்த வேலைக்கு வெட்டுக்கத்தி எடுப்பதை அவர் விட்டுவிட்டார், ஓலை மட்டையும் கொதும்பும் வெட்ட மட்டும் வைத்திருக்கிறார்.

இயந்திரம் வேண்டாமா என்றால், எங்கள் அளவுக்கு வேண்டாம். ஹைட்ராலிக் இயந்திரம் கல்யாண மண்டபத்துக்கும் பேக்கரிக்கும் சரி. மோட்டாரில் சுற்றும் திருகுக் கூம்பு வைத்த வகை எனக்குப் பிடிக்கவே இல்லை. துண்டு விறகோடு சேர்த்துச் சேலையையோ கைலியையோ கையுறையையோ அது இழுத்துக்கொண்டால் நிறுத்த நேரம் கிடைக்காது. வீட்டில் வைக்கும் பொருள் இல்லை அது.

காய வைப்பது. பச்சை ரப்பர் துண்டு ஒன்றை அடுக்களைத் தராசில் நிறுத்து, அதன் மேல் சாக்பீஸால் எடை எழுதி அடுக்கில் வைத்துவிடுங்கள். ஒரு கிலோ இருந்தது 700 கிராம் சுற்றி வந்து, அதற்கு மேல் குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. வேறு மீட்டர் எதுவும் வேண்டாம். இரண்டு துண்டைத் தட்டினால் பச்சையில் 'தொப்' என்று கேட்கும், காய்ந்தால் 'டங்' என்று கேட்கும். ஈர விறகில் தண்ணீரை ஆவியாக்கவே எல்லாச் சூடும் போய்விடுகிறது என்று சொல்வார்கள், கணக்குப் பார்த்தால் அந்தத் தண்ணீர் குடிக்கும் சூடு, விறகில் இருக்கும் மொத்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஈரம் தீயின் சூட்டை இறக்கிவிடுவதால் வாயு எரியாமல் புகையாகக் குழாய் வழியே வெளியேறுகிறது, எரிபொருளையே வெளியே அனுப்புகிறோம். அந்தப் புகைதான் குழாயில் தாராகப் படிந்து அடைக்கிறது.

மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட வெட்டிய முனை வழியாகப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக வெளியேறும். துண்டு குட்டையாக இருப்பது இங்கேயும் உதவுகிறது. அடுக்கும்போது இரண்டு முனையும் காற்றைப் பார்க்க வேண்டும், சுவரோடு ஒட்டி அடுக்கினால் ஒரு முனை வீண். கீழே கருங்கல் வைத்து, அதன் மேல் கமுகு வாரி போட்டு, அதன் மேல்தான் விறகு, இல்லாவிட்டால் கரையான் ஏறிவிடும். எங்களுக்கு இரண்டு மழை, வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதியும் ஐப்பசி மழையும். அதனால் தையிலும் மாசியிலும் கீறி, பங்குனி சித்திரை வெயிலில் காயவைத்து, வைகாசி பாதிக்குள் சாய்ப்புக்குள் ஏற்றிவிட வேண்டும். ஒரு இஞ்சுத் துண்டுகள் அந்த வெயிலில் ஒரு மாதத்துக்குள் தயார், நாலு இஞ்சுக் கட்டை அந்த வெயில் முழுக்கக் கிடந்தாலும் உள்ளே ஈரம் பிடித்துக்கொண்டிருக்கும். அடுக்கிலிருந்து விறகு எடுக்கும்போது கையை உள்ளே விடாமல் மேலிருந்து எடுங்கள், தேளும் சில நேரம் பாம்பும் இருக்கும்.

மிச்சம் வருவது கணுவும் கவையும். அவற்றோடு மல்லுக்கட்டாமல் ஒரு மூலையில் குவித்து, பக்கத்துத் தோட்டக்காரரின் புகைப்புரைக்குக் கொடுத்துவிடுகிறோம். ரப்பர் ஷீட் புகைக்க அவர்களுக்கு மெல்லிய, நீடித்த சூடும் புகையும்தான் வேண்டும், கீறாத தடிக்கட்டை அங்கே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். நம் அடுப்பில் ஆகாத துண்டு அங்கே முதல் தரம். பதிலுக்கு அவர் சிரட்டையும் கதம்பையும் (தேங்காய் மட்டை) சாக்கில் கட்டி அனுப்புகிறார், அது பற்றவைக்க ஆகிறது.

கத்தி வாயை இதுவரை அரம் வைத்து ஒப்புரவாக்கியதோடு சரி, திரும்ப உலைக்குப் போகவில்லை. அடுத்ததாக வளையத்தை 10 இஞ்சாக்கி இன்னொன்று செய்யப் போகிறேன், சித்தி வீட்டு அடுப்பு வாய் 7 இஞ்சு, அவர்களுக்கு இரண்டு இஞ்சுத் துண்டு தாராளமாகப் போகும், கன்னத்துக்கு 20 மில்லிமீட்டர் கம்பி வைக்க வேண்டியிருக்கும்.